கரண்டு முடிந்த மறுவாரம்

கதிர்சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வரும் நாளில் தோலைப் பார்த்தால் பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இருக்காது. கொஞ்சம் கறுத்திருக்கும், கொஞ்சம் அரிக்கும். "இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை பயந்தோம்?" என்று நோயாளியே கேட்பார். அடுத்த ஏழு, பத்து நாளில் நிலைமை மாறிவிடும். அக்குள் மடிப்பு உரிந்து நீர் கசியும். மார்பின் அடிமடிப்பு ரவிக்கைத் துணியோடு ஒட்டிக்கொள்ளும். கோலாலம்பூர்க்காரர் என்றால் டாக்சி பிடித்து மருத்துவமனைக்கே திரும்பப் போய்விடலாம். கேமரன் மலைத் தோட்டத்துக்காரர் அதற்குள் இருநூறு கிலோமீட்டர் தாண்டி, ஐயாயிரம் அடி உயரத்தில், லயத்து வீட்டில் போர்வைக்குள் இருப்பார்.

நான் இரண்டு பக்கமும் வேலை பார்த்தவள். ரிங்லெட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தேன். தாதிப் பயிற்சி முடித்து, தலைநகரில் ஒரு கதிர்சிகிச்சைப் பிரிவில் பல வருடம் இருந்தேன். அம்மா படுக்கையில் விழுந்ததும் மலைக்குத் திரும்பி ஒரு கிளினிக்கில் சேர்ந்தேன். கீழே இருந்தபோது கடைசி நாள் கதிர் கொடுத்து, கையில் ஒரு கடிதமும் ஒரு டியூப் கிரீமும் கொடுத்து அனுப்புவோம். ஆறு வாரம் கழித்து வரச் சொல்வோம். அவர்கள் வரும்போது தோல் ஆறியிருக்கும். நடுவில் என்ன நடந்தது என்று அவர்களும் சொல்வதில்லை, கேட்க எங்களுக்கும் நேரமிருக்காது. மேலே வந்த பிறகு அந்த நடுவாரங்களே என் பிழைப்பாகிவிட்டன.

இந்த மலையில் தேயிலை வந்தது 1929-ல். ஜே. ஏ. ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயர் 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். காடழித்து, செடி நட்டு, கொழுந்து கிள்ள வந்தவர்களில் பெரும்பகுதி நம் ஆட்கள். இன்று மேட்டில் கூடை சுமப்பவர்களில் பலர் வங்காளதேசத்தினர், நேப்பாளிகள், இந்தோனேசியர்கள். தமிழர்களில் இளையவர்கள் தானா ராத்தா, பிரிஞ்சாங் கடைகளுக்கும் ஈப்போவுக்கும் போய்விட்டார்கள். எஞ்சியிருப்பவர்கள் ஐம்பது தாண்டியவர்கள். புற்றுநோய் தேடி வரும் வயது. பெண்களுக்கு மார்பில். வெற்றிலை பாக்கோடு புகையிலை அடக்கிப் பழகியவர்களுக்கு வாயில். மலேசியாவில் வாய்ப் புற்று இந்தியர்களிடம்தான், அதிலும் பெண்களிடம், மற்ற இனத்தவரைவிட அதிகம். மலையில் கதிர் இயந்திரம் கிடையாது. கோலாலம்பூருக்கோ, 2013-ல் திறந்த புத்ராஜெயா தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்கோ, பினாங்குக்கோ இறங்கித்தான் ஆகவேண்டும். செந்தூலில் தங்கை வீடு, பிரிக்பீல்ட்ஸில் மச்சான் வீடு என்று வாரக்கணக்கில் தங்கி, திங்கள் முதல் வெள்ளி வரை கதிர் எடுத்து, தோட்டத்துப் பேச்சில் சொன்னால் "கரண்டு வச்சுக்கிட்டு" வருவார்கள்.

எரிச்சல் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது என்று விளக்கினால்தான் பயம் தெளியும். தோலின் அடிவரிசையில் புதுச் செல்கள் பிறந்து, மேலே ஏறி, மேல்வரிசையில் உதிர்கின்றன. இந்தச் சுற்றுக்கு ஏறக்குறைய நாலு வாரம். கதிர் அடிவரிசையின் பிறப்பை நிறுத்துகிறது. மேலே உதிர்வது பாட்டுக்கு நடக்கிறது. தோட்டத்துப் பெண்களிடம் இப்படித்தான் சொல்வேன்: "புதுக் கொழுந்து வரலைன்னு இன்னிக்குத் தெரியாது அக்கா. இருக்கறதைக் கிள்ளி முடிச்சு அடுத்த சுத்து வரும்போதுதான் செடி மொட்டையாத் தெரியும்." உடனே புரிந்துகொள்வார்கள். கதிர் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் நிறம் மாறும், முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் உச்சத்துக்குப் போகும், பிறகு மூன்று நாலு வாரத்தில் ஆறும். கதிர் எடுப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஏதோ ஓர் அளவில் இது உண்டு. நீர் கசியும் நிலைக்குப் போவது அவர்களில் ஒரு பகுதியினர்தான். அதுவும் பெரும்பாலும் மடிப்புகளில்: அக்குள், மார்பின் அடி, கழுத்து வரி. தோலும் தோலும் உரசி, வியர்வை தேங்குகிற இடங்கள்.

கதிர் தோலைச் சுடும் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்த சங்கதி. 1901-ல் ஹென்றி பெக்கரெல் ரேடியம் அடங்கிய சிறு குழாயைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்து, நெஞ்சில் புண்ணோடு நின்றார். பியர் கியூரி வேண்டுமென்றே தன் கையில் வைத்துப் பார்த்தார். கதிரை அளக்கச் சரியான அலகு வராத காலத்தில் டாக்டர்கள் தோலின் சிவப்பைத்தான் அளவுகோலாக வைத்திருந்தார்கள்; சிவந்தால் போதும், நிறுத்து. கோபால்ட் இயந்திரம் வந்த பிறகுதான் கதிரின் முழு வேகம் தோலுக்குச் சற்றுக் கீழே இறங்கியது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அது 1957-லேயே வந்துவிட்டது. இன்றைய லீனியர் ஆக்சிலரேட்டர் இன்னும் ஆழத்தில் வேலை செய்கிறது. இருந்தும் மார்பு எடுத்த இடத்திலும் கழுத்திலும் தோலுக்கு அருகிலேயே கதிர் தேவைப்படுவதால் தோல் முழுக்கத் தப்புவதில்லை.

அந்தச் சிவப்பில் இன்றும் ஒரு சிக்கல் இருக்கிறது. நோயாளிகளுக்குக் கொடுக்கும் தாள்களில் "தோல் சிவந்தால் தாதியிடம் சொல்லுங்கள்" என்று எழுதியிருப்பார்கள். நம் தோல் எங்கே சிவக்கிறது? கறுக்கிறது. பழுப்பேறி, பிறகு கரியைத் தேய்த்தது போல ஒரு சதுரமாகத் தெரியும். தாளில் எழுதியபடி சிவப்புக்குக் காத்திருக்கும் பெண், உரிந்து நீர் வரும்வரை வாயைத் திறக்கமாட்டாள். நான் கண்ணை நம்புவதில்லை. புறங்கையை அந்த இடத்தில் வைத்து, மறுபக்கத்திலும் வைப்பேன். சூடு வித்தியாசம் தெரியும். கையைத் தூக்கச் சொன்னால் தோல் இழுபடுவது முகத்தில் தெரியும். மடிப்பை விரித்துப் பார்த்தால் கறுப்புக்குள் ஒரு பளபளப்பு இருக்கும்; இரண்டு நாளில் உரியப்போகும் இடம் அது.

அடுத்து குளியல். பழைய காலத்தில் கதிர் முடியும்வரை அந்த இடத்தில் தண்ணீரே படக்கூடாது என்றார்கள். தோலில் போட்ட மைக்கோடு அழியக்கூடாது என்பது ஒரு காரணம், நனைந்தால் புண்ணாகும் என்ற நம்பிக்கை இன்னொன்று. இயந்திரங்கள் மாறின, கோடுகளுக்குப் பதில் பச்சை குத்திய சின்னப் புள்ளி வந்தது, இந்த விதி மட்டும் வாய்வழியாகத் தோட்டத்தில் உயிரோடு இருக்கிறது. கனடாவின் கியூபெக்கில் 99 பெண்களை இரு பிரிவாக்கிப் பார்த்து 2001-ல் வெளியிட்டார்கள். தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவியவர்களில் 100-க்கு 14 பேருக்குத்தான் நீர்க்கசிவு வந்தது. கழுவாதவர்களில் 33 பேருக்கு. இந்த ஒரு கணக்கை நான் சொல்லாத வீடு இல்லை. மணமில்லாத லேசான சோப்பு, உள்ளங்கையால் தடவல், ஒற்றித் துடைத்தல். பீர்க்க நாரும் சாக்குத் துணியும் கூடாது.

மலைக்கென்று ஒரு தனி ஆபத்து உண்டு. விடியற்காலை பதினைந்து பதினாறு டிகிரி குளிரில் யாரும் பச்சைத் தண்ணீரில் குளிப்பதில்லை. அடுப்பில் கொதிக்க வைத்து, கை பொறுக்கும் சூட்டில் ஊற்றிக்கொள்வார்கள். அக்குளில் நெறிக்கட்டி எடுத்தவர்களுக்கு அந்த இடமும் மேற்கையின் உட்புறமும் மரத்துப் போயிருக்கும், சூடு தெரியாது. கதிர் பட்ட தோலில் மேலும் ஒரு கொப்புளம் எழும்பும். அதனால் தண்ணீரை மறுகையால் பார்க்கச் சொல்வேன். வெந்நீர்ப்பை, கணப்புச் சட்டி, எல்லாம் அந்தப் பக்கத்துக்குத் தள்ளி. கம்பளிச் சுவெட்டரைத் தோல்மேல் நேராகப் போடக்கூடாது; உள்ளே பழைய பருத்திப் பனியன், அதுவும் தையல் வெளியே தெரியும்படி உட்புறம் திருப்பிப் போட்டது. வெந்த தோலுக்கு ஒரு தையல் விளிம்புகூட அரம்தான்.

மஞ்சளைப் பற்றிக் கேட்காத பெண் இல்லை. என் பாட்டியே கேட்டிருப்பாள். 2014-ல் மங்களூர் ஃபாதர் முல்லர் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் மஞ்சளும் சந்தன எண்ணெயும் கலந்த கடைச்சரக்குக் கிரீம் ஒன்றை, தலை-கழுத்துப் புற்றுநோயாளிகள் 50 பேரை வைத்து, குழந்தைகளுக்குப் பூசும் எண்ணெயோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கிரீம் பூசியவர்களுக்குத் தோல் பாதிப்பு குறைவாக இருந்தது. சின்ன ஆய்வு, ஆனாலும் நம் சரக்கை யாரோ ஒழுங்காகச் சோதித்தார்களே என்று எனக்குச் சந்தோஷம். அதற்காக அம்மியில் அரைத்த மஞ்சளை வெந்த தோலில் அப்பலாம் என்று அர்த்தமில்லை. அது காய்ந்து வெடித்து, கழுவ முடியாமல், தேய்த்து எடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும். கற்றாழை குளிர்ச்சியாக இருக்கும், எரிச்சலைத் தடுத்ததாகச் சோதனைகள் காட்டவில்லை. கோடாலித் தைலம் பூசிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரையின் மொழி கெட்டுவிடும்.

உண்மையில் தோலைக் காப்பாற்றும் மருந்து ஒன்று உண்டென்றால், நம் ஆட்கள் கேட்டதும் பதறுகிற ஸ்டீராய்டு கிரீம்தான். மொமெட்டசோன், பெட்டாமெத்தசோன். கதிர் தொடங்கிய நாளிலிருந்து டாக்டர் சொன்ன அளவில் மெல்லிதாகப் பூசினால் அரிப்பும் எரிச்சலும் குறைகின்றன. 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் இதைச் சொல்கிறது. தோலோடு தோலாக ஒட்டிக்கொள்ளும் மெல்லிய சிலிக்கோன் படலத்தையும் சொல்கிறது. படலம் நல்லது, விலை அதிகம். தோல் உரிந்துவிட்ட பிறகு ஸ்டீராய்டை நிறுத்திவிட வேண்டும், அங்கே கதை வேறு. "காலையில கிரீம் பூசிட்டுப் போனா கரண்டுல வெந்திடும்" என்ற பேச்சும் மலையில் உலவுகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அளந்து 2018-ல் வெளியிட்டார்கள்: வழக்கமாகப் பூசும் மெல்லிய பூச்சால் தோலில் படும் கதிர் கூடவில்லை, மூன்று மில்லிமீட்டரோ அதற்கு மேலோ அப்பினால்தான் கூடுகிறது. ரொட்டியில் வெண்ணெய்கூட அவ்வளவு தடிப்பாக யாரும் தடவுவதில்லை.

ஒரு நாள் சாயங்காலம் தொழிற்சாலை லயத்திலிருந்து ஒரு பையன் மோட்டாரில் வந்து கூப்பிட்டான். அவன் அம்மா இருபத்தைந்து நாள் கதிர் முடித்து மலையேறி ஒன்பது நாள். உள்ளே போனால் கட்டிலின் விளிம்பில், இடது கையை உடம்போடு இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மிசி, சட்டை ஒட்டிக்கிச்சு. இழுத்தா உயிர் போவுது."

"இழுக்காதீங்க அக்கா. கையையும் தூக்க வேணாம். முதல்ல ரெண்டு பெனடோல் போட்டுக்கங்க. பையா, தண்ணி கொதிக்க வை."

அரை லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு. சுத்தமான துணியை அதில் நனைத்து அக்குளில் வைத்துக்கொண்டே இருந்தேன். மாத்திரை வேலை செய்ய அரை மணி, துணி ஊறக் கால் மணி. இந்த வேலையில் பாதி, சும்மா காத்திருப்பதுதான். பிறகு சட்டை தானாகக் கழன்றது. உள்ளே ஐம்பது காசு நாணயம் மூன்றை வைத்தது போல அகலத்தில் தோல் இல்லை. இளஞ்சிவப்பு, மேலே மஞ்சளாய் ஒரு படலம். "சீழா மிசி?" என்று பையன் கேட்டான். சீழ் இல்லை. புண் கசியும் நீர் உறைந்த படலம். நாற்றமில்லை, சுற்றிலும் வீக்கமில்லை. அதைத் தேய்த்து எடுக்கத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். விட்டுவிட வேண்டும்.

புண்ணில் ஒட்டாத சிலிக்கோன் வலைத்துணியைப் புண்ணின் ஓரத்தைத் தாண்டும்படி வைத்து, மேலே உறிஞ்சும் பஞ்சு மெத்தை. பிளாஸ்டர் ஒட்டவே கூடாது. கதிர் பட்ட தோலில் பிளாஸ்டரை உரித்தால் தோலும் வரும். அவர் கணவரின் பழைய பனியன் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதைப் போட்டே கட்டை நிறுத்தினேன். படுக்கும்போது இடுப்பில் கை வைத்தபடி, முழங்கைக்குக் கீழே தலையணை. அக்குளுக்குக் காற்று வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய் மாற்றினேன். இரண்டாவது வாரத்தில் சிவப்பின் நடுவே வெளிறிய புள்ளிகள் தோன்றின. முடிக்கால்களில் தப்பிப் பிழைத்த செல்கள் அங்கங்கே தீவு தீவாகத் தோலைக் கட்டத் தொடங்குகின்றன. புது நோய் என்று அந்த அக்கா அழுதார். ஆறுகிற அடையாளமே அதுதான் என்று கண்ணாடி பிடித்துக் காட்டினேன்.

அவர் என்னிடம் மெதுவாகக் கேட்ட இன்னொரு கேள்வி, பேரப்பிள்ளையைத் தூக்கலாமா என்பது. வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் உடம்பில் தங்குவதில்லை. இயந்திரம் நின்றதும் அதுவும் நின்றது. அவர் திரும்பி வந்த நாளிலிருந்து பிள்ளையைப் பக்கத்து அறையில் வைத்திருந்தார்கள்.

தோல் ஆறிய பிறகும் தோட்டத்து வேலை விடாது. கொழுந்துக் கூடையின் பட்டை எங்கே உட்காருகிறது? தோள்பட்டைக்கும் காரை எலும்புக்கும் மேல், அங்கிருந்து அக்குளைச் சுற்றி. மார்புப் புற்றுக்கு நெறிக்கட்டியோடு சேர்த்துக் கதிர் கொடுக்கும்போது படுகிற இடமும் அதேதான். கூடை நிறைந்தால் பட்டை புதுத்தோலை அறுக்கும். ஆகவே வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் நானே பேசுவேன்: இரண்டு மூன்று மாதம் நாற்றுப் பண்ணையிலோ தரம் பிரிக்கிற இடத்திலோ போடுங்கள் ஐயா என்று. நல்ல மண்டோர்கள் உடனே செய்வார்கள். எடைக்குக் கூலி வாங்கும் பெண்களுக்கு இதில் வருமானம் போகிறது, அதையும் சொல்லியாக வேண்டும். சிலர் என்னைத் திட்டிக்கொண்டே மறுபடி மேட்டுக்கு ஏறினார்கள். அவர்களுக்குப் பட்டையைச் சுற்றிப் பழைய துண்டு தைத்துக் கொடுத்தேன், வேறென்ன செய்ய?

வெயில் இன்னொரு மோசக்காரன். இங்கே குளிர்வதால் சுடுகிறது என்று தெரியாது. ஆனால் உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் அளவுக்குக் கூடும். கதிர் பட்ட இடம் ஆயுள் முழுக்க வெயிலுக்குக் கூசும். தொப்பிக்கடியில் துண்டைக் கழுத்துவரை இறக்கிக் கட்டுகிற பழைய வழக்கம் நல்ல வழக்கம்.

மலைப்பாதையில் கார் இருக்கைப்பட்டையும் கூடைப்பட்டைக்குச் சளைத்ததல்ல. தாப்பாவிலிருந்து ஏறும் ஒவ்வொரு வளைவிலும் அது நெஞ்சில் உரசும். நம் நாட்டுக் கார்களில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தால் பட்டை வலது தோளில் வரும். இடது மார்பில் சிகிச்சை எடுத்தவர் அங்கே உட்காரலாம். வலது என்றால் இடப்பக்க இருக்கை. எப்படியும் நடுவில் ஒரு மெல்லிய துண்டு. பட்டையைக் கழற்றிவிட்டு வராதீர்கள்.

ஆண்களிடம் வேலை கடினம். வாய்ப் புற்றுக்கு ஏழு வாரம், முப்பத்தைந்து தடவை. கழுத்துத் தோல் வேகும் அளவு மார்புக்காரர்களைவிட அதிகம். பிளேடால் மழிக்காதீர்கள், வேண்டுமானால் மின் ரேசர், காலர் இல்லாத சட்டை, மழித்த பின் பூசும் வாசனைத் தண்ணீர் வேண்டாம் என்றால் தலையாட்டுவார்கள். ஓய்வுபெற்ற லோரி டிரைவர் ஒருவர், திருமணத்துக்குப் போகத் தாடியோடு எப்படிப் போவது என்று பிளேடை எடுத்துவிட்டு, கழுத்தைச் சுற்றி ரத்தக்கோட்டோடு வந்தார். திருமணத்துக்குத் துண்டு போட்டுக்கொண்டு போனார். மாப்பிள்ளையைவிட அவரைத்தான் எல்லோரும் விசாரித்தார்களாம், அதில் அவருக்கு ஒரு பெருமை.

ஒரு நல்ல மாற்றத்தையும் பதிய வேண்டும். முன்பு மார்புக்கு ஐந்து வாரம், இருபத்தைந்து தடவை. பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வுகள் மூன்று வாரத்தில் பதினைந்து தடவை கொடுத்தாலும் நோயைக் கட்டுப்படுத்துவதில் குறைவில்லை என்று காட்டிய பிறகு பலருக்கு அதுவே வழக்கமாகிவிட்டது. தோல் எரிச்சலும் சற்றுக் குறைவு. தங்கை வீட்டில் தங்கும் நாளும் குறைவு. தோட்டத்து ஆட்களுக்கு அதுவே பாதி மருந்து. ஆனால் இதிலும் தோல் உச்சத்துக்குப் போவது கதிர் முடிந்த பிறகுதான். முன்பு சமவெளியில் தொடங்கிய எரிச்சல்கூட இப்போது பெரும்பாலும் மலைக்கு வந்த பிறகே தொடங்குகிறது.

ஆகவே கீழே இருக்கும் டாக்டர்களிடமும் தாதிகளிடமும் ஒரு வேண்டுகோள். கேமரன் மலைக்காரர் கடைசி நாள் கதிர் முடித்துக் கிளம்பும்போது, ஆறு வாரத் தேதியோடு சேர்த்து, பத்தாம் நாள் பார்க்க ஓர் இடத்தையும் கடிதத்தில் எழுதுங்கள்: தானா ராத்தாவின் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனையோ, பக்கத்துக் கிளினிக்கோ. ஒட்டாத வலைத்துணி நாலைந்து சேர்த்துக் கொடுங்கள். மலைக் கடைகளில் அது கிடைப்பதில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு: நாற்றம் வந்தால், பச்சையாகவோ மஞ்சளாகவோ சீழ் வந்தால், சுற்றியிருக்கும் தோல் வீங்கிச் சூடு பரவினால், அல்லது கீமோவும் சேர்த்து எடுக்கிறவருக்குக் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். ராத்திரியானாலும் வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.